அய்கிடோவில் 'உகெமி' என்றால் என்ன? இவாமா டோஜோவை வைத்து ஓர் எளிய விளக்கம்

அய்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையின் வகுப்பை முதல் தடவை பார்க்கிற எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான் வரும். ஒருவர் வந்து மணிக்கட்டைப் பிடிக்கிறார், பிடிபட்டவர் இடுப்பைத் திருப்பி ஓர் அடி வைக்கிறார், உடனே பிடித்தவர் பாயில் உருண்டு போய் எழுந்து நிற்கிறார். "இந்த ஆள் வேண்டுமென்றே விழுகிறாரா?" கேள்வி நியாயமானது. ஒரு வரியில் பதில் சொன்னால் மட்டும் தப்பாகிவிடும், ஏனென்றால் விழுகிற அந்த ஆள் செய்வதுதான் அய்கிடோவில் பாதிக் கல்வி. என்னைக் கேட்டால் பாதிக்கும் மேலே. ஒரு ஆசிரியர் இறந்துபோன பிறகு அவருடைய மாணவர்கள் அவரை நினைவில் வைத்திருப்பதுகூட இந்த வழியில்தான் நடக்கிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் பெயர்கள். தாக்க வந்து கடைசியில் விழுகிறவர் 'உகே'. தாக்குதலைச் சமாளித்துப் போடுகிறவர் 'நாகே'; சில டோஜோக்களில் 'தோரி' என்பார்கள். உகே செய்யும் வேலை மொத்தத்துக்கும் 'உகெமி' என்று பெயர். டோஜோ என்பது பயிற்சிக்கூடம். அய்கிடோவில் பெரும்பாலான பிரிவுகளில் போட்டி கிடையாது (கெஞ்ஜி தோமிகி தொடங்கிய பிரிவில் உண்டு, அது தனிக் கதை). போட்டி இல்லாததால் எதிராளி என்றும் யாரும் இல்லை. இரண்டு பேர் ஜோடியாக நிற்பார்கள். ஒருவர் வலமும் இடமுமாக நான்கு தடவை போடுவார், அப்புறம் மாறிக்கொள்வார்கள். ஆக, ஒரு மணி நேர வகுப்பில் அரை மணி நேரம் நீங்கள் உகே. அந்த அரை மணி நேரத்தை வெறுமனே முறை வருவதற்காகக் காத்திருக்கும் நேரமாக எடுத்துக்கொண்டால் பாதி வகுப்பு வீண்.

விழுவது எப்படி என்று பார்த்துவிடுவோம். முன்பக்க உருளலை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கால் முன்னே இருக்கிறது. வலது கையை வில் மாதிரி வளைத்து, சுண்டுவிரல் பக்கம் பாயைத் தொடும்படி இறக்குகிறீர்கள். விரல்நுனிகள் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும். அங்கிருந்து முன்கை, முழங்கை, மேல்கை, தோளின் பின்பக்கம் என்று வரிசையாகப் பாயைத் தொட்டுக்கொண்டே போய், முதுகில் குறுக்காக இறங்கி, இடது இடுப்பில் வந்து முடிய வேண்டும். முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்கும், கண் கச்சையைப் பார்க்கும், தலை எந்த இடத்திலும் தரையில் படக் கூடாது. முதுகெலும்பின் மேலேயே நேராக உருண்டால் ஒவ்வொரு எலும்பும் பாயில் இடிபடும். குறுக்காக உருண்டால் சதை தாங்கிக்கொள்ளும். புதிதாக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் முழங்கை மடங்கிவிடும், நேரே தோள்பட்டை போய் இடிக்கும், இரண்டு நாள் வலிக்கும். அதனால்தான் முதல் சில வாரங்கள் மண்டியிட்ட நிலையிலிருந்தே உருளச் சொல்வார்கள். இதில் அவசரம் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் நின்ற நிலையிலிருந்து பறக்கிறாரே என்று நீங்களும் முயல வேண்டியதில்லை.

சரி, வேண்டுமென்றே விழுகிறாரா? ஷிஹோ-நாகே என்று ஒரு நுட்பம் இருக்கிறது. உகேயின் மணிக்கட்டை மடக்கி, அவருடைய தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், கீழே இறக்குவது. அந்த நிலையில் கையை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றால் முழங்கையோ தோளோ போய்விடும். இது தெரிந்த உகே, மூட்டுக்குச் சேதம் வருவதற்கு ஒரு நொடி முன்னால் உடம்பை விட்டுக்கொடுத்து விழுகிறார். தூரத்தில் இருந்து பார்க்கும்போது அது ஒத்திகை மாதிரி தெரிகிறது. பக்கத்தில் போய் நீங்களே கையைக் கொடுத்துப் பாருங்கள், உடனே புரியும். அதே சமயம், நாகே தொடுவதற்கு முன்பே பறந்து விழுகிற உகேக்களும் இருக்கிறார்கள். அது கெட்ட பழக்கம், நாகே பாவம் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. நல்ல உகே உண்மையாகத் தாக்குவார், பிடித்தால் உண்மையாகப் பிடிப்பார். பிடித்த பிறகு நாகே எங்கே கொண்டுபோகிறார் என்பதை விடாமல் உணர்ந்துகொண்டே இருப்பார், சமநிலை போன பிறகுதான் விழுவார். என்ன நுட்பம் வரப்போகிறது என்று தெரிந்திருந்தும் அதை முன்கூட்டியே தடுக்கவும் மாட்டார், முன்கூட்டியே கொடுத்துவிடவும் மாட்டார். சொல்லும்போது எளிதாக இருக்கிறது, செய்ய வருடக்கணக்காகும்.

இப்போது ஆசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். எந்த அய்கிடோ வகுப்பிலும் ஆசிரியர் நுட்பத்தைச் செய்துகாட்ட ஒரு மாணவரை முன்னால் கூப்பிடுவார். மற்றவர்கள் வரிசையாக மண்டியிட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். பார்க்கிறவர்களுக்குக் கிடைப்பது கால் எங்கே போனது, கை எங்கே போனது என்கிற வெளி உருவம். அந்த ஒரு மாணவருக்கு மட்டும் வேறொன்று கிடைக்கிறது. ஆசிரியர் தன் எடையை எப்போது மாற்றினார், பிடி எந்தக் கணத்தில் பயனற்றுப்போனது, தன் சமநிலை எந்தப் பக்கமாகப் பறிபோனது என்பதெல்லாம் அவர் உடம்பிலேயே பதிகிறது. சங்கீதம் கற்கும் பிள்ளை குருவின் குரலோடு தன் குரலையும் சேர்த்துப் பாடியே பாடத்தை ஏற்றிக்கொள்கிறதே, அந்த மாதிரி. அதனால்தான் அய்கிடோ உலகத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது, அவர் யாருக்கு எத்தனை வருடம் உகெமி எடுத்தார் என்பதை முக்கியமாகச் சொல்வார்கள். டான் என்ற கறுப்புக் கச்சைப் பட்டத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இவாமா.

அய்கிடோவை உருவாக்கியவர் மொரிஹேய் உயெஷிபா. 1883 டிசம்பர் 14-இல் ஜப்பானின் வகாயமா மாகாணத்தில் தனபே என்ற ஊரில் பிறந்தவர். இளைஞராக ஹொக்கைடோவுக்குக் குடியேறப் போன இடத்தில், 1915-இல் தக்கேதா சொக்காக்கு என்ற கடுமையான ஆசானைச் சந்தித்து தைத்தோ-ர்யூ ஜுஜுத்சு என்ற பழைய தற்காப்புக் கலையைக் கற்றார். பிறகு ஒமோத்தோ-க்யோ என்ற சமய இயக்கத்தில் ஈர்க்கப்பட்டு அயாபேயில் சில வருடங்கள் இருந்தார். 1931-இல் டோக்கியோவில் அவருடைய டோஜோ திறந்தது, பயிற்சியின் கடுமையால் அதை 'நரக டோஜோ' என்றே அழைத்தார்கள். போர் உச்சத்தில் இருந்த 1942-இல் அதையெல்லாம் விட்டுவிட்டு, மனைவி ஹட்சுவோடு இபராக்கி மாகாணத்தில் இவாமா என்ற கிராமத்துக்குப் போய்விட்டார். அய்கிடோ என்ற பெயர் அதிகாரப்பூர்வமாகப் பதிவானதும் அதே ஆண்டில்தான். இவாமாவில் அவர் விவசாயம் செய்தார், பயிற்சி செய்தார், அய்கி ஜின்ஜா என்ற சிறிய கோயிலைக் கட்டினார். மாணவர்கள் அவரை ஓ-சென்செய் என்பார்கள், பெரிய ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளலாம். (இன்று இவாமா தனி ஊராட்சி இல்லை, 2006-இல் கசாமா நகரத்தோடு சேர்த்துவிட்டார்கள். பழைய ஆட்கள் இன்னும் இவாமா என்றுதான் சொல்கிறார்கள்.)

1946-இல் அங்கே ஒரு பதினெட்டு வயதுப் பையன் வந்து சேர்ந்தான். பெயர் மொரிஹிரோ சைத்தோ. 1928-இல் பிறந்தவர், அந்த வட்டாரத்துக்காரர், அதற்கு முன்பே கெண்டோ என்ற வாள் பயிற்சியும் கராத்தேயும் கொஞ்சம் பழகியிருந்தார். போர் முடிந்து நாடே சாப்பாட்டுக்குத் திண்டாடிய காலம். உயெஷிபாவிடம் இருந்த மாணவர்கள் பலர் வேலை, குடும்பம் என்று ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். அங்கே பயிற்சியோடு வயல் வேலையும் சேர்ந்தே இருந்தது, ஆசிரியரும் கண்டிப்பானவர். சைத்தோவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. ஒரு நாள் முழுக்க 24 மணி நேரம் பணி, அடுத்த 24 மணி நேரம் ஓய்வு. அந்த ஓய்வு நாளை அப்படியே ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு கட்டத்தில் காலை நேர வாள், கம்புப் பயிற்சிக்கு உயெஷிபாவுக்கு எதிரே நிற்க இவர் ஒருவர்தான் இருந்தார். 1969 ஏப்ரல் 26-இல் உயெஷிபா 85-வது வயதில் இறக்கும் வரை, 23 வருடம் இது நடந்தது. சைத்தோவின் மனைவியும் அந்த முதிய தம்பதியைக் கவனித்துக்கொண்டார். அந்த உழைப்பைப் பற்றி யாரும் போதுமான அளவு எழுதுவதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

23 வருடம் ஒரே ஆசிரியரின் வாள் வீச்சை எதிரே நின்று வாங்கியவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உயெஷிபா அந்த வாள், கம்புப் பயிற்சிகளுக்கு எண் போட்டுப் பாடத்திட்டமாக வைத்திருக்கவில்லை. அன்றைக்கு என்ன தோன்றியதோ அதைச் செய்வார், சைத்தோ வாங்குவார். பிறகு மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய நிலை வந்தபோது, தன் உடம்பில் இருந்ததை சைத்தோ பிரித்துப் பிரித்து வெளியே எடுத்தார். வாளுக்கு 7 அடிப்படை வீச்சுகள், 'ஜோ' என்ற கம்புக்கு 20, தனியாகச் செய்யும் 31 அசைவுக் கோவை ஒன்று, 13 அசைவுக் கோவை ஒன்று, அப்புறம் ஜோடிப் பயிற்சிகள். ஜோ கம்பு சுமார் 128 சென்டிமீட்டர் நீளம், கைத்தடியைவிடக் கொஞ்சம் நீளமானது. இன்று ரோமிலோ ஸ்டாக்ஹோமிலோ கலிஃபோர்னியாவிலோ ஒருவர் அந்த 31 அசைவுகளைச் செய்கிறார் என்றால், அது அந்த ஓய்வு நாட்களில் ஒரு ரயில்வே ஊழியர் கேட்டு வாங்கிச் சேர்த்தது.

சைத்தோ சொல்லிக்கொடுத்த விதத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் உகே என்ற கருத்து அங்கேதான் நன்றாகத் தெளிவாகும். இவாமா வகுப்பு தாய் நோ ஹென்கோ என்ற பயிற்சியில்தான் தொடங்கும், அடுத்தது மொரோத்தே-தோரி கொக்யூ-ஹோ, உகே இரண்டு கைகளாலும் நாகேயின் ஒரு கையைப் பிடிக்கச் செய்வது. முடியும்போது உட்கார்ந்து செய்யும் கொக்யூ-ஹோ. நடுவில் என்ன மாறினாலும் இந்த மூன்றும் மாறாது. தாய் நோ ஹென்கோவில் உகே நாகேயின் மணிக்கட்டை ஒரு கையால் இறுக்கிப் பிடிப்பார், உண்மையிலேயே இறுக்கமாக, மறுநாள் கன்றிப்போகிற அளவுக்கு. நாகே பிடிபட்ட கையை இழுக்கக் கூடாது, தூக்கவும் கூடாது, ஏனென்றால் இழுத்தால் இரண்டு கைகளுக்கு நடுவே வெறும் பலப்பரீட்சைதான் நடக்கும். அவர் செய்ய வேண்டியது, விரல்களை விரித்து, பிடிபட்ட கையை இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு, முன்னங்காலை உகேயின் முன்னங்காலுக்கு வெளியே பக்கவாட்டில் வைத்து, தன் இடுப்பைக் கைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பிறகு திரும்பிப் பின்னங்காலை விலக்கினால் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து நிற்பார்கள். இவ்வளவுதான். ஆனால் உகே சும்மா தொட்டுக்கொண்டு நின்றால் எப்படிச் செய்தாலும் வேலை செய்யும், தப்பு தப்பு என்று தெரியவே தெரியாது. இறுக்கிப் பிடித்தால்தான் கால் இரண்டு விரற்கடை தள்ளி விழுந்ததுகூடத் தெரியும். முதலில் இப்படி அசையாத பிடியிலிருந்து பழகு, ஓட்டத்தில் செய்வது அப்புறம் வரும் என்பதுதான் சைத்தோவின் வழி. புதியவர்களுக்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

உயெஷிபாவுக்குப் பிறகு கோயிலைப் பராமரிப்பதும் அங்கேயிருந்த டோஜோவை நடத்துவதும் சைத்தோவின் பொறுப்பானது. உள்ளே தங்கிப் படிக்கும் மாணவர்களை உச்சிதேஷி என்பார்கள். அவர்கள் டோஜோவிலேயே படுத்து எழுந்து, காலையில் கோயில் வளாகத்தில் இலைகளைப் பெருக்கி, வெளியே மரங்களுக்கு நடுவே வாளும் கம்பும் பழகி, முறை வைத்துச் சமைத்து, மாலையில் பாயில் கைப்பயிற்சி செய்வார்கள். எழுபதுகளிலிருந்து வெளிநாட்டவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். பாதிப் பேருக்கு ஜப்பானிய மொழி சரியாக வராது. ஆனால் உகெமிக்கு மொழி தேவையில்லை, கையைக் கொடுத்தால் போதும். சைத்தோ தன் பாடம் தன்னுடையதல்ல என்பதில் பிடிவாதமாக இருந்தார். 1938-இல் உயெஷிபாவின் நுட்பங்களைப் படங்களோடு அச்சிட்ட ஒரு கையேடு உண்டு. சைத்தோ அதைக் கையோடு வைத்துக்கொண்டு, ஒரு நுட்பத்தைச் செய்துகாட்டிவிட்டு அதே பக்கத்தைத் திறந்து மாணவர்களிடம் காட்டுவார். பாருங்கள், ஓ-சென்செய் இப்படித்தான் செய்தார் என்று. அவர் 2002 மே 13-இல் இறந்தார்.

இப்போது நினைவுகூரல். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 29-ஆம் தேதி இவாமாவில் அய்கி ஜின்ஜாவின் பெருவிழா நடக்கிறது. உயெஷிபா இறந்த நாளுக்கு மூன்று நாள் கழித்து. ஜப்பானில் அன்று அரசு விடுமுறை என்பதால் வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வர முடிகிறது. ஒமோத்தோ-க்யோவின் பூசகர்கள் சடங்கை நடத்துவார்கள். பிரார்த்தனை, படையல் எல்லாம் முடிந்ததும் டோஷு, அதாவது பரம்பரைத் தலைவர், கோயில் முன்னால் அய்கிடோ செய்துகாட்டுவார். உயெஷிபாவுக்குப் பிறகு மகன் கிஷ்ஷோமாரு இந்தப் பொறுப்பில் இருந்தார், 1999-இல் அவர் இறந்த பிறகு பேரன் மொரிதேரு இருக்கிறார். அந்தச் செய்துகாட்டலும் படையலில் ஒரு பகுதிதான், கூட்டத்தை மகிழ்விக்கச் செய்வதல்ல. அப்புறம் எல்லோரும் வளாகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, சாக்கே என்ற அரிசி மது குடித்து, பழைய கதைகள் பேசுவார்கள்.

அந்தச் செய்துகாட்டலில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பெரியவருக்கு அஞ்சலி செலுத்தும் இடத்தில், அவருடைய நுட்பத்தைச் செய்ய இரண்டு உடம்பு வேண்டியிருக்கிறது. நாகே மட்டும் தனியாக நின்று எதையும் படைக்க முடியாது. யாராவது உண்மையாகத் தாக்கி, உண்மையாக விழ வேண்டும். உலகம் முழுக்க அய்கிடோ டோஜோக்களில் ஆசிரியர் ஒருவர் இறந்தால் மாணவர்கள் செய்வதும் பெரும்பாலும் இதே மாதிரிதான். அவருடைய படத்தை முன்னால் வைத்து வணங்கிவிட்டு, அவர் விரும்பிச் சொல்லித்தந்த நுட்பங்களை ஒரு வகுப்பு முழுக்கச் செய்வார்கள். அவரிடம் அதிகமாக உகெமி எடுத்த மூத்தவர் நடுவில் நின்று சொல்லித்தருவார், சின்னவர்கள் அவர் கையைப் பிடிப்பார்கள். இறந்துபோனவரை நேரில் பார்த்திராத ஒரு பிள்ளை, அவர் பிடியை எப்படிக் கலைத்தார் என்பதை இன்னொருவரின் மணிக்கட்டு வழியாக அன்று தெரிந்துகொள்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அஞ்சலி உரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த வேலையைச் செய்யாது.

இதில் சிக்கலும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. உடம்பில் பதிந்ததுதான் பாடம் என்றால், யாருடைய உடம்பில் பதிந்தது சரி? உயெஷிபா தன் வாழ்நாளில் நிறைய மாறினார். முப்பதுகளில் அவரிடம் விழுந்து எழுந்த கோசோ ஷியோதாவின் யோஷின்கான் பிரிவு ஒரு மாதிரி இருக்கும், அறுபதுகளில் டோக்கியோவில் விழுந்தவர்கள் செய்வது இன்னும் நீண்ட ஓட்டமாக இருக்கும், இவாமாக்காரர்கள் அசையாத பிடியிலிருந்து தொடங்குவார்கள். எல்லோரும் அவரிடமிருந்து வாங்கியதைத்தான் காட்டுகிறார்கள், பொய் யாரும் சொல்லவில்லை. சைத்தோ இறந்த பிறகும் அப்படித்தான் ஆனது. சில மாணவர்கள் உயெஷிபா குடும்பத்தின் அய்கிகாய் அமைப்பிலேயே தொடர்ந்தார்கள், சைத்தோவின் மகன் ஹிதோஹிரோ தனி அமைப்பு தொடங்கினார். ஆசிரியர் மேல் வைத்த அன்புதான் சில சமயம் பிரிவுக்கும் காரணமாகிறது என்று தோன்றுகிறது. புதிதாக வருகிறவர் இந்தச் சண்டைகளில் பக்கம் எடுக்க அவசரப்பட வேண்டாம். வேறு பிரிவின் டோஜோவுக்குப் போனால் அவர்கள் எப்படிப் பிடிக்கச் சொல்கிறார்களோ அப்படிப் பிடியுங்கள், விழுங்கள். எது எங்கிருந்து வந்தது என்று மெல்ல உங்கள் கைக்கே தெரியவரும்.

கடைசியாக, வகுப்பில் சேரப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போங்கள், மோதிரம், கடிகாரம், கயிறு எதுவும் வேண்டாம். வலித்தால் பிடிபடாத கையால் பாயையோ உங்கள் தொடையையோ இரண்டு தடவை தட்டுங்கள், நாகே உடனே விட்டுவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது வீரமில்லை, மூட்டுதான் போகும். கழுத்திலோ தோளிலோ பழைய காயம் இருந்தால் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். முன்சுவரில் பெரும்பாலும் வெண்தாடி வைத்த ஒரு முதியவரின் படம் இருக்கும், அது உயெஷிபா. பக்கத்தில் இன்னொரு படம் இருந்தால் அது யார் என்று வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் கேளுங்கள், "அவரிடம் நீங்கள் எத்தனை வருடம் உகெமி எடுத்தீர்கள்?" என்றும் கேளுங்கள். வீட்டுக்குப் போகக் கொஞ்சம் நேரமாகலாம், அதற்குத் தயாராகப் போங்கள்.